பெங்களூரா, சென்னையா, கொச்சியா? கிருஷ்ணகிரியிலிருந்து ஓவியம் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். டிசம்பர் பிறந்துவிட்டால், கடைக்கு வருகிறவர்கள் சட்டத்தைப் பற்றிக் கேட்பதைவிட, "வீட்டுக்கு நல்ல ஓவியமாக ஒன்று வாங்க வேண்டும், எங்கே போகலாம்?" என்று கேட்பதுதான் அதிகம். தை மாதத்தில் புதுமனை புகுவிழா வைத்திருப்பவர், தருமபுரியில் கிளினிக் திறக்கப்போகும் மருத்துவர், நெடுஞ்சாலையில் ஓட்டல் கட்டிக்கொண்டிருப்பவர், ஓவியக் கல்லூரிக்குப் போக ஆசைப்படும் மகளைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா என்று பலதரப்பட்டவர்கள். இவர்கள் எல்லோருக்கும் ஒரே ஊரைக் கை காட்டிவிட முடியாது.

நம் பக்கத்துக்குச் சித்திரம் புதிதல்ல. பர்கூருக்கு அருகே மல்லப்பாடிப் பாறையில் வெள்ளை வண்ணத்தில் குதிரை வீரர்கள் இருக்கிறார்கள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை அரைநாள் நின்று பார்க்கலாம். ஆனால் இன்று வரைகிற ஒருவரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் பஸ்ஸோ ரயிலோ ஏறித்தான் ஆக வேண்டும். நல்லவேளையாக, டிசம்பரிலிருந்து மார்ச் வரை தென்னிந்தியாவின் கலைப் பருவம் நம்மைச் சுற்றித்தான் நடக்கிறது.

பெங்களூரு: ஒரே நாள், ஒரே சாலை

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வைத்துக்கொண்டு, வரைந்தவர் கையிலிருந்தே படம் வாங்க நினைக்கிறவருக்கு, பெங்களூரில் ஒரே நாள் நடக்கும் ஓவியச் சந்தையான சித்ர சந்தேதான் சரி. நமக்கு எட்டுகிற தூரத்தில் அதை மிஞ்ச வேறொன்றில்லை. அங்குள்ள கலை நிறுவனமான கர்நாடக சித்ரகலா பரிஷத் இதை ஆண்டுதோறும் ஜனவரியில், பெரும்பாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடத்துகிறது. 2024இல் ஜனவரி 7, 2025இல் ஜனவரி 5, 2026இல் ஜனவரி 4. கொரோனா காலத்தில் 2021இல் இணையத்தில் மட்டும் நடந்தது. 2022இல் மார்ச் மாதக் கடைசிக்குத் தள்ளிப்போனது. எனவே தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள், தவறவிட்டால் அடுத்த ஜனவரிதான்.

குமார கிருபா சாலையில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சாலையின் இரு ஓரங்களிலும் நாட்டின் பல மாநிலங்களிலிருந்து வரும் ஏறக்குறைய 1,500 ஓவியர்கள் கடை விரிப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. நூறு ரூபாய்ப் படமும் உண்டு, சில லட்சம் சொல்லும் படமும் உண்டு. முக்கியமான விஷயம், விற்ற பணத்தில் பரிஷத் கமிஷன் எடுப்பதில்லை. கலைக்கூடங்களில் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கூடத்துக்குப் போவது சகஜம். மாங்காயைத் தோப்பில் வாங்குவதற்கும் மண்டியில் வாங்குவதற்கும் உள்ள வித்தியாசம் நம்மூர்க்காரர்களுக்கு விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

போகும் வழியும் இப்போது சுலபமாகிவிட்டது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான், ஆனால் அத்திப்பள்ளி தாண்டிய பிறகு வரும் கடைசி முப்பது கிலோமீட்டர்தான் பயணமே என்பது அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்ட்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு அந்தத் தலைவலி தீர்ந்தது. ஓசூர் வழியாகப் போகும் பஸ்ஸில் பொம்மசந்திராவில் இறங்கி, மஞ்சள் தடத்தில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மந்திரி ஸ்கொயர் சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ஆட்டோவில் கிட்டத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ மற்ற நாட்களைவிடத் தாமதமாகவே தொடங்கும் என்பதால் விடிகாலை நான்கு மணி பஸ்ஸுக்கு அடித்துப் பிடித்து ஓட வேண்டாம், ஐந்தரை ஆறுக்குக் கிளம்பினால் போதும். தருமபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழி ரயில் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையமே இல்லை என்பது பழைய வருத்தம், அதை இங்கே கிளற வேண்டாம். காரில் மட்டும் போகாதீர்கள். நிறுத்த இடம் தேடுவதிலேயே காலை நேரம் கரைந்துவிடும்.

காலை நேரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு வருகிற கூட்டம் லட்சக்கணக்கில். பதினொரு மணிக்கு மேல் படத்தைப் பார்ப்பதற்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்பது மணிக்குள் போனால் ஓவியர்கள் இன்னும் கயிறு கட்டி மாட்டிக்கொண்டிருப்பார்கள், பேசவும் மனம் இருக்கும். முதல் சுற்றில் எதையும் வாங்காமல் சாலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிடுங்கள். மனத்தில் நின்ற கடைகளை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடை எண்ணும் சேர்ந்து விழுகிற மாதிரி. திரும்பி வரும்போது எந்தப் படம் இன்னும் நினைவில் இருக்கிறதோ அதை விசாரியுங்கள்.

அங்கே எல்லாமே நல்ல ஓவியம் என்று நினைத்துவிட வேண்டாம். புல்லாங்குழல் கிருஷ்ணன், கண்மூடிய புத்தர், மழையில் குடை பிடித்து நடக்கும் ஜோடி, வாஸ்துவுக்காகப் பாயும் ஏழு குதிரை ஆகியவற்றைக் கடைக்குக் கடை பார்க்கலாம். ஏழு குதிரை வாங்கி வருகிறவருக்கும் நான் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன், அதில் எனக்கு ஒன்றும் புகார் இல்லை. ஆனால் அதற்காகக் குமார கிருபா சாலை வரை போக வேண்டியதில்லை, அச்சடித்ததே கிருஷ்ணகிரியில் கிடைக்கும்.

அச்சைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும். கேன்வாஸ் துணியில் இயந்திரத்தில் அச்சடித்து, மேலே பசை போன்ற ஜெல்லைத் தூரிகையால் இழுத்துக் காயவைத்து, கையால் வரைந்ததாக விற்கிற வழக்கம் எல்லாச் சந்தைகளிலும் உண்டு. என் மேசைக்கு வரும்போது அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் தூரிகைத் தடம் ஒரு பக்கமும், படத்தில் உள்ள இலையின் கோடு வேறு பக்கமும் போகும். கையால் வரைந்த படத்தில் தடமும் கோடும் சேர்ந்தே போகும். கைப்பேசிக் கேமராவை மிக நெருக்கமாக வைத்துப் பெரிதாக்கினால் அச்சில் நுண்ணிய புள்ளிகள் தெரியும். கேன்வாஸின் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், வரைந்த படமென்றால் வண்ணம் எங்காவது ஒழுங்கில்லாமல் வழிந்திருக்கும். பின்பக்கத்தைப் பார்க்கக் கூச்சப்பட வேண்டாம், நல்ல ஓவியர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அச்சு என்றாலே மட்டம் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். மரத்திலோ லினோலியத்திலோ செதுக்கியும், உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்தும் ஓவியரே கையால் ஒற்றி எடுக்கும் அச்சோவியம் தனி ஜாதி. அதன் அடியில் பென்சிலால் 7/25 என்பது போல எழுதியிருக்கும். எடுத்த இருபத்தைந்து பிரதிகளில் ஏழாவது என்று பொருள். கேன்வாஸில் சுமாரான ஒன்று வாங்குகிற பணத்துக்குக் காகிதத்தில் முதல்தரமான ஒன்று இப்படிக் கிடைத்துவிடும். கிளினிக் வைக்கும் மருத்துவருக்கு நான் சொல்வது இதுதான்: நுண்கலை மாணவர்கள் உட்கார்ந்திருக்கும் பகுதிக்குப் போய், ஒரே கையால் வந்த சிறு அச்சோவியங்களாக நான்கைந்து வாங்குங்கள். காத்திருப்பு அறைச் சுவரில் ஒரே அளவில் வரிசையாக மாட்டினால், நடுவில் ஒற்றைப் பெரிய படத்தைத் தொங்கவிடுவதைவிட நன்றாக இருக்கும்.

பேரம் பேசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேசலாம், ஆனால் காய்கறிச் சந்தைப் பேரம் வேண்டாம். விலையைப் பாதியாகக் கேட்டால் ஓவியர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அது நியாயமும்கூட. இரண்டு படமாக எடுத்தால் என்ன தருவீர்கள் என்று கேட்பது மரியாதையான வழி. மாலையில் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டிய வெளியூர் ஓவியர்கள் நான்கு மணிக்கு மேல் இறங்கி வருவார்கள் என்பது உண்மைதான். அதற்குள் நல்லது போய்விடும் என்பதும் உண்மை. மொழி விஷயத்தில் நமக்கு ஒரு கை கூடுதல். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கத்தவர்களுக்குக் கன்னடமும் தெலுங்கும் நாக்கில் இருக்கின்றன. மைசூரிலிருந்தோ அனந்தபூரிலிருந்தோ வந்த ஓவியரிடம் அவர் மொழியில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு விலை கேட்டுப் பாருங்கள்.

சித்ர சந்தேயின் பெரிய குறை, யோசிக்க நேரம் தராது. ஞாயிற்றுக்கிழமை மாலையோடு சாலை பழையபடி சாலையாகிவிடும். கூட்டத்தில், வெயிலில், கால் வலியோடு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு முடிவெடுப்பது நல்லதல்ல. அவ்வளவு பெரிய தொகை என்றால் ஓவியரின் முகவரியை வாங்கிக்கொண்டு வந்து, பிறகு அவருடைய பட்டறைக்கே போய்ப் பார்ப்பது உத்தமம்.

சென்னை: சந்தை இல்லாத சந்தை

சென்னையில் சித்ர சந்தேக்கு ஈடாக ஒரே நாளில் ஊரே கூடும் ஓவியச் சந்தை என்று ஒன்றை என்னால் கை காட்ட முடியாது. ஜனவரியில் புத்தகக் கண்காட்சி இருக்கிறது, பொங்கலையொட்டிச் சென்னை சங்கமத்தில் கிராமியக் கலைகள் நடக்கின்றன, மார்கழிக் கச்சேரிகள் முடிகிற நேரமும் அதுதான். ஓவியம் வாங்குகிறவருக்குச் சென்னை வேறு விதத்தில் உதவும்: ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இடங்கள், அவசரப்படுத்தாத மனிதர்கள்.

முதல் இடம் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தன் மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கியது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம் அது. பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, மிச்ச நேரத்தில் வரைந்தார்கள். அங்குள்ள காட்சியகத்தில், பணிக்கரையும் அவர் மாணவர்களையும் சுற்றி உருவான மதராஸ் கலை இயக்கத்தின் படங்களையும் சிற்பங்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டு விற்பனைக் கூடத்துக்குப் போனால், எதற்கு என்ன விலை என்று ஓரளவு பிடிபடும். தமிழ்ச் சிற்றிதழ்களைப் புரட்டியவர்களுக்கு ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகள் பழக்கமாக இருக்கும். அந்தக் கோடு எந்த வட்டத்திலிருந்து வந்தது என்பதை அங்கே நின்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் தெற்கே போனால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா. தென்மாநில வீடுகளையும் கைவினைஞர்களையும் ஓரிடத்தில் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறந்துவிட்டுப் போய் ஏமாறாதீர்கள். நகருக்குள் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமி மண்டல மையம் இருக்கிறது. அங்கே கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஓவியரும் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பார். ஓட்டல் கட்டுகிறவர் போன்று ஒரே சமயத்தில் இருபது, முப்பது படம் தேவைப்படுகிறவர் சந்தைகளில் அலைவதைவிட, 1850இல் தொடங்கிய எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து வெளிவரும் இளைஞர்களில் ஒருவரைப் பிடித்து, சுவர் அளவைக் கொடுத்து வரையச் சொல்வது மேல். ஒகேனக்கல்லின் பரிசலையும் ராயக்கோட்டை மலையையும் வரையச் சொன்னால், வருகிற விருந்தாளிக்கு எந்த ஊரில் தங்கியிருக்கிறோம் என்பதாவது தெரியும்.

அந்த ஓட்டல்காரருக்குப் பதிப்புரிமைச் சட்டம் பற்றியும் ஒன்று. ஏற்கெனவே வரைந்து வைத்த படத்தை வாங்கினால் படம்தான் உங்களுடையது, அதன் பதிப்புரிமை வழக்கமாக வரைந்தவரிடமே இருக்கும். அதை மெனு அட்டையிலும் விளம்பரப் பலகையிலும் அச்சடிக்க வேண்டுமென்றால், வாங்கும்போதே எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். கூடங்களில் வாங்கினால் ரசீதும் வரியும் உண்டு. ஓவியங்கள் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

சென்னைக்குக் குறை தூரம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வேலூர் வழியாக 250 கிலோமீட்டருக்கு மேல். ஒரே நாளில் போய்த் திரும்பினால் சோழமண்டலத்தை மட்டும்தான் பார்க்க முடியும். தருமபுரி மாவட்டத்தவர்கள் மொரப்பூரிலும், ஊத்தங்கரை பக்கத்தவர்கள் சாமல்பட்டியிலும் ரயில் பிடிக்கலாம். ஓர் இரவு தங்குவதாக இருந்தால் போங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

தஞ்சாவூர்ப் படமா, மைசூர்ப் படமா

பூஜை அறைக்குச் சாமி படம் தேடுகிறவர்களின் கணக்கு தனி. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை, இரண்டிலும் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, உண்டு. பழக்கமில்லாத கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தஞ்சாவூர்ப் படத்தில் பலகைமேல் துணி ஒட்டி, மக்கு என்ற பசைக்கலவை கொண்டு நகையையும் மண்டபத்தையும் புடைக்க வைத்து, கல் பதித்து, மேலே ரேக்கு ஒட்டுவார்கள். விரலால் தடவாமலேயே புடைப்பு தெரியும். மைசூர்ப் படத்தில் புடைப்பு மிக மெலிது, கல் வேலை அரிது, கோடும் முகபாவமும்தான் பிரதானம். எனக்குச் சொந்தமாகப் பிடித்தது மைசூர்ப் படம். நம்மூரில் பத்துக்கு ஒன்பது பேருக்குப் பளபளப்பு வேண்டும் என்பதால் தஞ்சாவூர்தான் கேட்பார்கள்.

மைசூர்ப் படத்தைச் சித்ர சந்தேயில் வரைந்தவரிடமே வாங்கலாம். தஞ்சாவூர்ப் படத்தைச் சாலையோரத்தில் அவசரமாக வாங்க வேண்டாம் என்பேன். தங்க ரேக்குக்குப் பதில் தங்க நிறத் தாளை ஒட்டி விற்பது நிறைய நடக்கிறது. புதிதில் இரண்டும் ஒன்றாகவே மின்னும், சில ஆண்டுகளில் போலி கறுத்துவிடும். அப்போது சட்டத்தைக் கழற்றச் சொல்லி என்னிடம் கொண்டுவருவார்கள், என்னால் ஆகக்கூடியது ஒன்றும் இருக்காது. சென்னை அண்ணா சாலையில் உள்ள பூம்புகார் கைவினைப் பொருள் விற்பனை நிலையம் போல, ரசீதில் ரேக்கின் தரத்தை எழுதிக் கேட்டு வாங்கக்கூடிய இடமாகப் பாருங்கள். இல்லையென்றால் தஞ்சாவூருக்கே போய்விடலாம்.

கொச்சி: வாங்க அல்ல, கண்ணைப் பழக்க

கொச்சி-முசிறிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சியில் படம் விலைக்கு வாங்கிக்கொண்டு வர முடியாது, அது சந்தை அல்ல. 2012 டிசம்பர் 12இல் தொடங்கி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகளில் மாதக்கணக்கில் நடக்கிறது. கொரோனாவால் ஒருமுறை இடைவெளி நீண்டது. ஆறாவது பதிப்பு 2025 டிசம்பர் 12 முதல் 2026 மார்ச் 31 வரை. மிளகும் ஏலமும் அடுக்கியிருந்த இருட்டறைகளில் இன்றைக்கு உலகம் முழுவதிலுமிருந்து வந்த படைப்புகள் நிற்கும். சிலவற்றைப் பார்த்தால் இது என்ன வேலை என்று எரிச்சல் வரும், சிலவற்றின் முன்னால் கால் நகராது.

ஓவியக் கல்லூரி ஆசையில் இருக்கும் மகளுக்கு இதைத்தான் சொல்வேன். சித்ர சந்தேயில் எது விற்கிறது என்று தெரிந்துகொள்வாள், கொச்சியில் எது சாத்தியம் என்று தெரிந்துகொள்வாள். கலைக் கல்லூரி மாணவர்களுக்கென்றே தனியாக மாணவர் பியன்னாலே உண்டு. அவளைவிட நான்கு வயது மூத்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அங்கே பார்க்கலாம். பெங்களூரு–எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் தருமபுரி வழியாகவே போகிறது. காலையில் ஏறினால் மாலையில் எர்ணாகுளம். மூன்று நாளாவது ஒதுக்குங்கள்.

டெல்லியில் பிப்ரவரி வாக்கில் நடக்கும் இந்தியா ஆர்ட் ஃபேரைப் பற்றியும் கேட்கிறார்கள். 2008இல் தொடங்கியது, ஓக்லா மைதானத்தில் நாட்டின் பெரிய கலைக்கூடங்கள் எல்லாம் வரும். அங்கே விலைச்சீட்டே இல்லாத படங்கள்தான் அதிகம். விலை கேட்கத் தயங்குகிறவருக்கான இடம் அல்ல அது. முதலீடாக நினைத்து லட்சங்களில் வாங்குகிறவர் போகட்டும். மும்பையில் ஜனவரி–பிப்ரவரி வாக்கில் நடக்கும் காலா கோடா கலைவிழா தெருவிழாவாக நன்றாக இருக்கும், உறவினர் வீட்டுக்குப் போகிற சாக்கில் பார்த்துவிட்டு வரலாம். படம் வாங்குவதற்கென்று அவ்வளவு தூரம் வேண்டியதில்லை.

வாங்கிய பிறகு

வாங்கும் இடத்தில் மூன்று விஷயங்களைக் கேட்டுப் பெறுங்கள்: படத்தில் ஓவியரின் கையொப்பம், பின்பக்கம் அவர் பெயரும் ஆண்டும் ஊடகமும், விலை எழுதிய ரசீது. ஊடகம் என்பது முக்கியம். அக்ரிலிக்கா எண்ணெய் வண்ணமா என்று தெரியாமல் அதைத் துடைக்கவோ வார்னிஷ் பூசவோ முடியாது. எண்ணெய் வண்ணம் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் உள்ளே காய மாதங்கள் ஆகும்.

சட்டத்தை அங்கேயே போட்டுக்கொள்ள வேண்டாம். இதில் என் சொந்த லாபமும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் கண்ணாடி போட்ட படத்தை ஞாயிற்றுக்கிழமை மாலைப் பஸ்ஸில் ஓசூர் தாண்டிக் கொண்டுவந்து பார்த்தால் நான் சொல்வது புரியும். கேன்வாஸைக் கட்டையிலிருந்து கழற்றிக் குழாயில் சுருட்டி வாங்குங்கள். சுருட்டும்போது வண்ணப்பக்கம் வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி மடிப்பு விழும். மேலே செய்தித்தாள் சுற்றாதீர்கள், வெயிலில் அக்ரிலிக் இளகி எழுத்து ஒட்டிக்கொள்ளும். பட்டர் பேப்பர் போதும். காகிதப் படமென்றால் இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக வரட்டும்.

காகிதப் படத்துக்குச் சட்டம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். கண்ணாடியோடு ஒட்டி வைத்த நீர்வண்ணத்தில் ஐப்பசி மழைக்குள் பூஞ்சைப் புள்ளி விழுந்துவிடும். மாட்டுகிற சுவரின் மறுபக்கம் குளியலறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு சுவரைத் தேடுங்கள், படத்துக்காக வாங்கிய ஆணியை அங்கே காலண்டருக்கு வைத்துக்கொள்ளலாம்.